எலும்பைக் கூட்டும் சர்க்கரைச் சங்கிலி: ஹெப்பரான் சல்ஃபேட்டும் ஸ்டெம் செல்லும் சந்தித்த வரலாறு

முறிந்த எலும்பு பெரும்பாலும் தானே கூடிவிடும். முறிந்த இடத்தில் இரத்தம் கட்டும். அதில் குருத்தெலும்பு படியும். அது எலும்பாக மாறி, மாதங்கள் செல்லச் செல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வடுவில்லாமல் ஆறும் திசுக்கள் உடலில் மிகச் சில. எலும்பு அவற்றுள் ஒன்று. ஆனால் விபத்திலோ புற்றுநோய் அறுவையிலோ எலும்பின் ஒரு துண்டே போய்விட்டால், அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பதுதான் நெடுநாளைய வழக்கம். எடுத்த இடத்தில் வலி தங்கிவிடுகிறது. எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சமே. இதற்கு மாற்றுத் தேடியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்று ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலி. எலும்போடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆய்வில்தான் அதன் கதை தொடங்குகிறது.

1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஹவல் என்ற உடலியல் பேராசிரியரிடம் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடியவருக்கு, உறையவிடாமல் தடுக்கும் பொருள் அகப்பட்டது. கிரேக்க மொழியில் கல்லீரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1918இல் ஹவல் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார். மெக்லீன் கண்டதும் பிற்காலத்தில் மருந்தானதும் ஒரே பொருள் அல்ல. முதலாவது கொழுப்பில் கரைவது; மருந்தானதோ நீரில் கரையும் சர்க்கரைச் சங்கிலி. அதில் கந்தகம் ஏராளமாகச் சேர்ந்திருப்பதை 1935இல் ஸ்டாக்ஹோமில் எரிக் யோர்ப்பஸ் காட்டினார். 1948இல் அவரும் கார்டெல் என்பவரும் அதே வகையைச் சேர்ந்த, ஆனால் கந்தகம் குறைந்த இன்னொரு சங்கிலியைப் பிரித்தெடுத்தனர். அதுவே பின்னர் ஹெப்பரான் சல்ஃபேட் எனப் பெயர் பெற்றது. ஹெப்பாரினைத் தூய்மைப்படுத்தும்போது ஒதுங்கும் உபபொருளாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது.

இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் உண்டு. புரதத்தின் வரிசையை மரபணு எழுதிவைத்திருக்கிறது; மரபணுவைப் படித்தால் புரதத்தைப் படித்ததாகும். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. இரண்டு வகைச் சர்க்கரை மாறி மாறிக் கோக்கப்பட, பல நொதிகள் அடுத்தடுத்து வந்து அங்கங்கே சல்ஃபேட்டை ஒட்டுகின்றன. எங்கே ஒட்டுவது, எங்கே விடுவது என்பது செல்லுக்குச் செல், வயதுக்கு வயது மாறும். சில பகுதிகளில் சல்ஃபேட் நெருக்கமாகவும் சில பகுதிகளில் இல்லாமலும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் சங்கிலியின் திறமையே இருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட சல்ஃபேட்டுகள் அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து, குறிப்பிட்ட புரதங்கள் மட்டும் வந்து பற்றிக்கொள்கின்றன.

1965ஆம் ஆண்டை எலும்பு ஆய்வின் திருப்பமாகச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்தை அமிலத்தால் நீக்கிய எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்தது. எலும்பை வளரத் தூண்டும் ஏதோ ஒன்று எலும்புக்குள்ளேயே இருப்பது இதனால் உறுதியாயிற்று. 1971இல் அதற்கு எலும்பு உருவாக்கப் புரதம், சுருக்கமாக பி.எம்.பி., என்ற பெயர் வந்தது. அதே 1965இல் வேறொரு செய்தியும் வெளியானது: நாளுக்கு 15,000 அலகுக்குக் குறையாமல் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஹெப்பாரின் பெற்றவர்களில் சிலருக்கு, அடிபடாமலே முதுகெலும்பும் விலாவும் முறிந்தன. எலும்புக்கும் இந்தச் சர்க்கரைக்கும் உறவு உண்டு என்பதற்கு அது ஒரு தடயம். ஆனால் இரண்டு செய்திகளும் வெவ்வேறு துறைகளில் தனித்தனியே கிடந்தன.

அவற்றை நெருங்கவைத்தது ஒரு வேதியியல் உத்தி. குபேர் சம்பத்தும் ஹரி ரெட்டியும் 1981இல் எலும்புத் தூளிலிருந்து கரையும் புரதங்களைக் கரைத்தெடுத்தனர். எஞ்சிய சக்கையாலும் எலும்பு வளரவில்லை. கரைந்த பகுதி தனித்தும் பயன்படவில்லை. இரண்டையும் திரும்பச் சேர்த்ததும் எலும்பு வளர்ந்தது. புரதம் வேலை செய்ய அதைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு தளம் வேண்டும் என்பதை இந்த எளிய சோதனை காட்டிவிட்டது. 1987இல் சம்பத், முத்துக்குமரன், ரெட்டி மூவரும் ஹெப்பாரின் பூசிய மணிகள் நிறைந்த குழாய் வழியே எலும்புச் சாற்றைச் செலுத்தி, எலும்பைத் தூண்டும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மற்றவை வழிந்தோட, தேடிய புரதம் ஹெப்பாரினில் ஒட்டிக்கொண்டது. அன்று ஹெப்பாரின் ஒரு தூண்டில் மட்டுமே. உடலுக்குள்ளும் இதே பிடிப்பு நடக்கிறது என்ற கருத்து வலுப்பெறப் பல ஆண்டுகள் ஆயின. 1988இல் பி.எம்.பி. மரபணுக்கள் கண்டறியப்பட்டதும் அனைவரின் கவனமும் புரதத்தின் பக்கம் போய்விட்டது.

இதற்கிடையே மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960களிலிருந்து எலும்பு மஜ்ஜையை ஆராய்ந்துவந்தார். மஜ்ஜைச் செல்களை வளர்ப்புத் தட்டில் இட்டால் ஒரு சில மட்டும் தட்டின் அடியில் ஒட்டிப் பெருகின. அவற்றை விலங்கின் உடலில் வைத்தால் எலும்பாக உருவெடுத்தன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆர்னால்டு கேப்லன் 1991இல் இவற்றை மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று அழைத்தார். மஜ்ஜையில் இவை பத்தாயிரத்தில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோதான். சிகிச்சைக்குக் கோடிக்கணக்கில் தேவை. எனவே உடலுக்கு வெளியே பெருக்கியாக வேண்டும்; பெருக்கப் பெருக்க அவை முதுமையடைந்து, எலும்பாகும் திறனை இழக்கின்றன. எஃப்.ஜி.எஃப்.-2 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் வேகமாகப் பெருகும். ஆனால் அந்த வேகத்துக்கு ஸ்டெம் செல்லின் தன்மையையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

அதே 1991இல், எஃப்.ஜி.எஃப்.-2 தன் ஏற்பியோடு சேர்ந்து வேலை செய்ய ஹெப்பரான் சல்ஃபேட் அவசியம் என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. சர்க்கரை வெறும் பூச்சு அல்ல, அனுமதி தரும் கை என்பது அப்போதுதான் புலப்பட்டது. 1993இல் ஆஸ்திரேலியாவில் விக்டர் நர்கோம்பும் உடன் பணியாற்றியோரும் கண்டது இன்னும் நுட்பமானது. எலிக் கருவின் நரம்பு மூலச் செல்கள் ஒன்பதாம் நாளில் எஃப்.ஜி.எஃப்.-2ஐப் பிடிக்கும் சங்கிலியைத் தயாரித்தன. பதினோராம் நாளிலோ எஃப்.ஜி.எஃப்.-1ஐப் பிடிக்கும் வேறொரு சங்கிலியைத் தயாரித்தன. எந்தச் செய்தியை எப்போது கேட்பது என்பதைச் செல் தன் சர்க்கரையை மாற்றியே முடிவு செய்கிறது. பின்னர் வரும் ஹெப்பரான் சல்ஃபேட் சிகிச்சை முயற்சிகளுக்கு வேர் இந்தக் கண்டுபிடிப்பில் இருக்கிறது.

மனித உடலிலிருந்தே இன்னொரு சான்று வந்தது. எலும்புகளின் மேல் பல இடங்களில் புடைப்புகள் முளைக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதற்குக் காரணமான இ.எக்ஸ்.டி.1 என்ற மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. அது ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலியை நீட்டும் நொதிக்கு உரியது என்பது 1998இல் தெரியவந்தது. சங்கிலி குறைந்தால் எலும்பு தன் எல்லை தெரியாமல் வளர்கிறது.

மருத்துவம் புரதத்தின் வழியிலேயே சென்றது. 2002இல் அமெரிக்காவில் முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்கு பி.எம்.பி.-2 ஒப்புதல் பெற்றது. கொலாஜன் பஞ்சில் ஊறவைக்கும் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புரதம் இருந்தது. உடலில் இயல்பாக உள்ள அளவோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு அதிகம். பஞ்சு புரதத்தை அதிக நேரம் பிடித்துவைப்பதில்லை என்பதால் இவ்வளவு தேவைப்பட்டது. கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது ஏற்பட்ட வீக்கம் மூச்சுக்கே ஆபத்தாகலாம் என்று 2008இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதைவிட, இருக்கும் புரதத்தைப் பிடித்துவைப்பது மேல் என்ற எண்ணம் இந்த அனுபவத்தால் வலுவடைந்தது.

சிங்கப்பூரில் நர்கோம்பும் சைமன் கூலும் செய்த ஆய்வுகள் இந்த எண்ணத்தைச் சோதித்தன. எலிகளின் முறிந்த தொடையெலும்பில் ஹெப்பரான் சல்ஃபேட்டை மட்டும் இட்டபோது எலும்பு கூடுவது மேம்பட்டதை அவர்கள் பங்கேற்ற 2006 ஆய்வு காட்டியது. அதன்பின் ஆய்வு இரண்டு வழிகளில் சென்றது. ஒன்று ஸ்டெம் செல்லைப் பற்றியது. மனித மஜ்ஜைச் செல்களை வளர்க்கும் ஊடகத்தில் ஹெப்பரான் சல்ஃபேட்டைச் சேர்த்தபோது, அவை பெருகியும் ஸ்டெம் செல்லுக்குரிய தன்மையை இழக்கவில்லை என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் குரோமோசோம் முனைகள் தேயாமல் நீளமாக இருந்தன. அந்தச் செல்கள் எலும்பு இடைவெளிகளை ஆற்றவும் உதவின.

மற்றொன்று செல்லே தேவைப்படாத வழி. பி.எம்.பி.-2 ஹெப்பாரினைப் பற்றும் பகுதி அதன் தொடக்க முனையில் இருப்பது 1996இலேயே தெரிந்திருந்தது. அந்தப் பகுதியைப் போன்ற ஒரு சிறு புரதத் துண்டைத் தூண்டிலாக்கி, வணிக ரீதியில் கிடைக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் கலவையை அதன் மேல் செலுத்தினார்கள். 1987இல் சர்க்கரையைக் கொண்டு புரதத்தைப் பிடித்தார்கள். இப்போது புரதத்தைக் கொண்டு சர்க்கரையைப் பிடித்தார்கள். ஒட்டிக்கொண்ட பகுதிக்கு எச்.எஸ்.3 என்று பெயரிட்டனர். வெளியிலிருந்து பி.எம்.பி. எதுவும் சேர்க்காமல் எச்.எஸ்.3 மட்டும் வைத்தும், முயலின் முன்கால் எலும்பில் தானே ஆறாத இடைவெளியில் எலும்பு வளர்ந்ததாக 2013இல் எழுதினார்கள். உடலே சுரக்கும் பி.எம்.பி.யை அந்தச் சங்கிலி அங்கேயே பிடித்துவைத்திருந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மூலப்பொருள்தான் இன்றும் இடர். ஹெப்பாரினும் ஹெப்பரான் சல்ஃபேட்டும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகின்றன. தொகுதிக்குத் தொகுதி சேர்மானம் மாறும். 2008இல் கலப்பட ஹெப்பாரினால் பலர் உயிரிழந்தபோது, அதில் கலந்திருந்த, மிகைச் சல்ஃபேட் கொண்ட காண்ட்ராய்டின் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியை வழக்கமான சோதனைகள் காட்டிக்கொடுக்கவில்லை. ஆய்வகத்திலேயே சங்கிலியைக் கட்டும் முயற்சி 2011இல் ஒரு படி முன்னேறியது: நொதிகளைக் கொண்டு, சுமார் ஐம்பது படிகள் தேவைப்பட்ட வேதித் தொகுப்புக்கு மாற்றாக, குறுகிய ஹெப்பாரின் சங்கிலிகள் 10, 12 படிகளில் தயாராயின. அந்த முறையில் எச்.எஸ்.3 போன்ற ஒன்றைக் கட்டுவதற்கு, பி.எம்.பி.யைப் பிடிக்கும் சல்ஃபேட் வரிசை எது என்பதை முதலில் எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும்.