வலை மின்னஞ்சலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்: விலைக்கு வாங்குவதா, சொந்தமாக வெளியிடுவதா?

ஆலய நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் எனப் பல அமைப்புகள் சொந்த இணைய முகவரியில் மின்னஞ்சல் வைத்துள்ளன. உறுப்பினர்கள் உலாவியில் அதைத் திறக்கும்போது கடவுச்சொல்லும் கடிதங்களும் பிறர் கண்ணில் படாமல் போய்ச் சேரத் தேவைப்படுவதே பாதுகாப்புச் சான்றிதழ்.

இதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, தகவல் மறைகுறியாக்கப்படுகிறது. மற்றொன்று, நாம் சென்று சேர்ந்த சர்வர் அந்த முகவரிக்கு உரியதுதான் என்பது உறுதியாகிறது.

சொந்தச் சான்றிதழ்

சர்வரை நடத்துபவரே இதைச் செலவின்றி உருவாக்கலாம். மறைகுறியாக்கத்தில் இது வாங்கிய சான்றிதழுக்கு இளைத்ததல்ல. குறை அடையாளத்தில்தான் இருக்கிறது. தேசியப் பதிவுத் துறை வழங்கிய மைகார்டுக்கும் நாமே அச்சடித்த அட்டைக்கும் உள்ள வேறுபாடு இது.

இதை உலாவி நம்பாமல் எச்சரிக்கை காட்டும். “பரவாயில்லை, அழுத்துங்கள்” என்று உறுப்பினர்களைப் பழக்குவதே பெரிய ஆபத்து. பொது வைஃபையில் ஒருவர் இடையில் புகுந்து போலிச் சான்றிதழைக் காட்டினாலும் அதே எச்சரிக்கைதான் வரும். பழகிய கை அப்போதும் அழுத்திவிடும்.

பயன்படுத்துவோர் ஐந்தாறு பேர்தான், அவர்களின் கணினி, கைப்பேசி அனைத்திலும் சான்றிதழை முன்கூட்டியே பதிந்து வைக்க முடியும் என்றால் இது போதும்.

வாங்கும் சான்றிதழ்

உலாவிகள் நம்பும் சான்றளிப்பு நிறுவனம் இதை வழங்குகிறது. இணைய முகவரியின் உரிமையை மட்டும் சரிபார்ப்பது மலிவு. அமைப்பின் பதிவையும் சரிபார்த்தால் விலை கூடும். விலை கூடுவதால் மறைகுறியாக்கம் வலுவாவதில்லை.

வழங்கும் நிறுவனமும் தவறலாம். மலேசியாவின் டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் வலுவற்ற 512 பிட் சாவிகளுடன் 22 சான்றிதழ்கள் வழங்கியது 2011 நவம்பரில் தெரியவந்தது. மொசில்லாவும் மைக்ரோசாப்டும் அதன்மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. இதே பெயர்கொண்ட அமெரிக்க நிறுவனம் வேறு.

இலவச வழி

2015 டிசம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட், லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றின் சேவை. இதன் சான்றிதழை உலாவிகள் ஏற்கின்றன, கட்டணம் இல்லை. வழக்கமான ஆயுள் 90 நாள் என்பதால், தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளை சர்வரில் அமைக்க வேண்டும்.

விலைக்கு வாங்குவோருக்கும் இனி இது தேவை. சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாளிலிருந்து, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் எனக் குறைக்கப்படுகிறது.

எதைத் தேர்வது?

உறுப்பினர்கள் பல இடங்களிலிருந்து நுழையும் சங்கத்துக்கு இலவசச் சான்றிதழே பொருந்தும். அமைப்பின் பெயரும் சரிபார்க்கப்பட வேண்டும் என்றால் மட்டும் வாங்கலாம். எதுவானாலும் சர்வரில் உள்ள இரகசியச் சாவியைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சான்றிதழ் இருப்பதாலேயே ஒரு தளம் நேர்மையானது ஆகிவிடாது. மோசடித் தளங்களும் அதைப் பெறுகின்றன. ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். வழக்கமாகத் திறக்கும் மின்னஞ்சலில் திடீரென எச்சரிக்கை வந்தால், கடவுச்சொல்லைத் தட்டாமல் முதலில் நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே நல்லது.