மண்ணை அளந்தோர்

மன்னார்ப் பெருநிலத்திலே, மாதோட்டத்துக்குத் தென்கிழக்கே கிடக்கும் கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலேயர் ‘இராட்சதக் குளம்’ என்று அழைத்தனர். அதனைத் தாதுசேன மன்னன் காலத்தது என்றும், ஆகவே கி.பி. 5ஆம் நூற்றாண்டினது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். அருவியாற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்திற் கல்லணை கட்டி, நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து, தட்டையான நிலத்திலே நெடுந்தூரம் செல்லும் தாழ்ந்த மண்ணணையொன்றினால் மறித்து நிறுத்திய வேலை அது. அத்தகைய நிலத்திலே மட்டம் சில அடி பிழைப்பினும் நீர் குளத்தை அடையாது.

1859இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட், பழைய கட்டுநர் மட்டத்தைப் பிழையாகக் கணித்தமையாலேயே இக்குளம் பயன்படாது போயிற்று என்று எழுதினார். குளத்தின் உள்ளே காடும் ஊர்களும் இருந்த காலம் அது. கண்டோர்க்கு அவர் கூற்று உண்மைபோலவே தோன்றியிருக்கும். பின்னர் நீர்ப்பாசனப் பணியிலிருந்த ஹென்றி பாக்கர் போன்றோர் கருவி கொண்டு மட்டம் பார்த்தபோது, பழையவர் பிழைக்கவில்லை என்பது வெளியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே குளம் திருத்தப்பெற்றது. இன்றும் அதன் நீரால் மன்னார் வயல்கள் விளைகின்றன. அளவாமற் கூறிய தீர்ப்பை அளந்து கூறிய சொல் வென்றது எனலாம்.

அணை கட்டியோர் எந்தக் களி நீரைத் தாங்கும், எந்த மணல் கசியும் என்பதைக் கையாலும் காலாலும் அறிந்தனர். அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. ஐரோப்பாவிலும் மண்ணைப் பற்றிய அறிவு ஓர் இயலாக உருப்பெற்றது மிகப் பிந்தியே. 1925இல் கார்ல் டெர்சாகி வெளியிட்ட நூலையே அதன் தொடக்கமாகப் பலரும் கொள்வர்.

இவ்வியலின் ஒரு முதன்மையான உண்மையை மன்னார்க் கடற்கரையில் எவரும் காணலாம். அலை வடிந்த ஈரமணலிற் காலை ஊன்றுக. பாதத்தைச் சுற்றிய மணல் ஒரு கணம் ஈரம் வற்றி வெளிறும். நெருங்கிக் கிடந்த மணிகள் இடம் பெயர வேண்டின் ஒன்றன்மேலொன்று ஏறவேண்டும். அப்போது இடைவெளி பெருகி, மேலிருந்த நீர் உள்ளே இறங்கும். இதனை 1885இல் விளக்கியவர் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ். தளர்ந்து கிடக்கும் மண்ணோ இதற்கு மாறாக ஒடுங்கும். இவ்விருவகை மண்ணும், மேன்மேலும் கொய்வுக்கு உட்படின், கனவளவு மாறாத ஒரே நிலையை இறுதியில் அடையும் என்பது கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், ரொத் என்போர் 1958இல் வெளியிட்ட கருத்து. அதனை அவதி நிலை என்பர்.

அக்கருத்தை எண்ணால் நிறுவும் பணி அங்குச் சென்ற வடமராட்சி மாணவர் ஒருவரிடம் வந்தது. அவரே அழகையா துரைராஜா. 1934 நவம்பர் 10ஆம் நாள் பிறந்த அவர், உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியிலும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கற்று, 1957இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே குடிசார் பொறியியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். கேம்பிரிட்சில் வெண்களியையும் மணலையும் கொய்வுச் சோதனைக்கு உட்படுத்தி, 1961இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

அவர் செய்தது யாது? மண்ணின்மேற் செலுத்தும் வேலையில் ஒரு பகுதி அதன் கனவளவை மாற்றுவதிற் செல்லும், ஒரு பகுதி வளைந்த வில்லிற்போல உள்ளே தங்கும், எஞ்சியது அழிந்துபோகும். முன்னையோர் இவற்றைக் கலந்தே கண்டனர். துரைராஜா ஒவ்வொன்றையும் வேறாகக் கணக்கிட்டுக் கழித்தார். கழித்தபின் நின்ற பகுதி, மண் அடர்ந்ததாயினும் தளர்ந்ததாயினும், ஒரே எளிய உராய்வு விதிக்கு அடங்குவதைக் கண்டார். இதனை அடித்தளமாகக் கொண்டே 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா மூவரும் ‘ஜியோடெக்னிக்’ என்னும் ஏட்டிற் கட்டுரை வரைந்தனர். அதிற் பிறந்த மாதிரிக்குப் பின்னர் ‘கேம் களி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அணை, பாலம், துறைமுகம் எதனை அமைப்பினும் மென்களி எவ்வளவு தாழும், எப்போது இடியும் என்று கணிக்கும் இன்றைய முறைகள் பலவற்றுக்கு அது மூதாதை. பெயர் கேம்பிரிட்சின் ஆற்றுக்குப் போயிற்று. அதிலே தொண்டைமானாற்றுக்கும் ஒரு பங்கு உண்டென்றால் நடுவுநிலையாளர் மறுக்கார். ஸ்கோபீல்டும் 2005இல் வெளியிட்ட தமது நூலிலே துரைராஜாவின் கண்டறிவை எடுத்துரைத்துள்ளார்.

மன்னாரில் என் வகுப்பிலே நியூட்டனை அறியாதார் இலர். துரைராஜா யார் என்று வினவியபோது ஒரு கையும் உயரவில்லை. மாணவரை நான் குறை கூறேன். சொல்லாததை அவர் எங்ஙனம் அறிவர்?

பட்டம் பெற்றபின் அவர் தாய்நாடு திரும்பினார். பேராதனையிற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கி, திறந்த பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். புறநாட்டிலே நல்ல பதவி பெறத்தக்க ஒருவர், போர் நடந்த மண்ணிலே, எரிபொருளும் மின்சாரமும் அற்ற நாள்களில், மிதிவண்டியிற் பல்கலைக்கழகம் சென்றதைக் கண்டோர் இன்றும் கூறுவர். அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேயே, 1990இல், விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பெற்றது. 1994 யூன் 11ஆம் நாள், தமது அறுபதாம் வயதிற் காலமானார்.

அதே ஆண்டுகளில் மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்ந்து கிடந்தது. 1914இல் திறக்கப்பட்ட தலைமன்னார் இருப்புப்பாதையும் 1990இலிருந்து வழக்கற்றுப் போயிற்று. பாலம் 2010இலும், தலைமன்னார் வரையான இருப்புப்பாதை 2015இலும் மீண்டும் திறக்கப்பெற்றன. இவற்றுக்கிடையே, 2014இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் மாணவரை ஏற்றது. வடக்கிற் பிறந்த பிள்ளை மண்ணியல் கற்கப் பேராதனைக்கோ கேம்பிரிட்சுக்கோ போகவேண்டிய கட்டாயம் அன்றோடு நீங்கிற்று.