நியமகிரி பாக்சைட் சுரங்கத் திட்டம்

ஒடிசாவின் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நியமகிரி மலைத்தொடரின் உச்சியில் பாக்சைட் வெட்டி எடுக்க வகுக்கப்பட்டு, பழங்குடிகளின் எதிர்ப்பால் 2014-இல் நிராகரிக்கப்பட்ட திட்டம். சுரங்கக் குத்தகைக்கு உரிய நிறுவனம் மாநில அரசின் ஒடிசா சுரங்கக் கழகம். கனிமம் போய்ச் சேரவிருந்த இடமோ, மலையடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தா குழுமம் கட்டிய அலுமினா ஆலை.

இம்மலைகளில் வாழும் டோங்கிரியா கோண்டு மக்கள் சுமார் 8,000 பேர். அவர்கள் பேசும் குவி, தமிழோடு உறவுள்ள திராவிட மொழி. சிறுதானியம், மஞ்சள், அன்னாசி, வாழை, ஆரஞ்சு எல்லாம் மலைச்சரிவில் விளையும். கூடையில் சுமந்து சந்தைக்கு இறக்குவார்கள். மலையை ஆள்பவர் நியம ராஜா என்னும் தெய்வம். அவர் வீற்றிருக்கும் உச்சியில் மரம் வெட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த உச்சியில்தான் 7 கோடி டன்னுக்கு மேல் பாக்சைட் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நுண்துளை மிகுந்த அந்தப் படிவம் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையிலும் ஓடைகளுக்குக் கொடுக்கிறது. வம்சதாரா ஆற்றுக்கு நீர் வருவதும் இம்மலையிலிருந்துதான்.

அனுமதி பெறப்பட்ட வரிசையைப் பார்த்தாலே சிக்கலின் வேர் தெரியும். ஆலை வேறு, சுரங்கம் வேறு என்று பிரிக்கப்பட்டு, 2004 செப்டம்பரில் ஆலைக்கு மட்டும் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா தயாரிக்க ஏறத்தாழ 30 லட்சம் டன் பாக்சைட் வேண்டும்; அது எங்கிருந்து வரப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், மலையைத் தொடலாமா என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. கோடிக்கணக்கில் செலவிட்டு ஆலையை எழுப்பிய பிறகு அதே செலவு சுரங்கத்துக்கு ஆதரவான வாதமாக மாறியது. உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2005-லேயே இத்திட்டத்துக்கு எதிராக அறிக்கை தந்திருந்தது.

2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேதாந்தாவுக்கு அனுமதி மறுத்தது. ஆனால் அதே குழுமத்தின் இந்திய நிறுவனமான ஸ்டெர்லைட் சில நிபந்தனைகளுடன் வரலாம் என்றது. (தூத்துக்குடியால் தமிழர்களுக்கு அறிமுகமான அதே ஸ்டெர்லைட்தான்.) 2008 ஆகஸ்டில் சுமார் 660 ஹெக்டேர் வனநிலத்தைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட நீதிமன்றம் இசைந்தது, 2009-இல் சுரங்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. மிச்சமிருந்தது இறுதி வன அனுமதி ஒன்றுதான்.

அங்கேதான் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. என்.சி. சக்சேனா தலைமையிலான நால்வர் குழு 2010-இல் நேரில் ஆராய்ந்து, அச்சட்டம் மீறப்பட்டதையும், ஆலை வளாகத்துக்குள் 26 ஹெக்டேர் கிராமக் காட்டு நிலம் வளைக்கப்பட்டதையும், ஆலை விரிவாக்கம் அனுமதியின்றியே தொடங்கிவிட்டதையும் பதிவு செய்தது. 24 ஆகஸ்ட் 2010 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார்.

இதை எதிர்த்துச் சுரங்கக் கழகம் தொடுத்த வழக்கில் 18 ஏப்ரல் 2013 அன்று வந்த தீர்ப்பே நியமகிரியைச் சட்டப் புத்தகங்களில் ஏற்றியது. நிலத்தின் மீதான உரிமையோடு வழிபாட்டு உரிமைக் கோரிக்கைகளையும் கிராம சபைகளே ஆராய வேண்டும், மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தவை 12 மட்டும்: ராயகடாவில் 7, காலாஹண்டியில் 5. எண்ணிக்கை குறைந்தால் மறுப்பும் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தால் அது பலிக்கவில்லை. 2013 ஜூலை 18-இல் செர்கபாடியில் தொடங்கி ஆகஸ்ட் 19-இல் ஜாரபாவில் முடிந்த கூட்டங்களில் 12 ஊர்களும் மறுத்தன. பழங்குடியல்லாத ஒரே குடும்பம் வசிக்கும் இஜிருபாவும் அதில் அடக்கம். தனித்தனித் துண்டுகளுக்குப் பட்டா தருவதாகச் சொன்னபோது, மலை முழுவதும் நியம ராஜாவுடையது, அதை அளந்து பிரிக்க முடியாது என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்டக் கோரிய சுரங்கக் கழகத்தின் மனுவை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நடந்த அடோங் வழக்கை இதனுடன் ஒப்பிடலாம். லிங்கியூ அணைக்காக ஜக்குன் பூர்வக்குடியினரின் மூதாதையர் காடு எடுக்கப்பட்டது. 1996-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. பூர்வக்குடி நில உரிமையில் அது முன்னோடித் தீர்ப்பு. என்றாலும் காடு கையை விட்டுப் போன பிறகு வந்த பணம். நியமகிரியில் வெட்டுவதற்கு முன்பே கேட்டார்கள், அதுவும் உரியவர்களிடம் கேட்டார்கள். நியமகிரி வழக்கின் எடை அதில்தான் இருக்கிறது.

லாஞ்சிகர் ஆலை மூடப்படவில்லை. வேறிடங்களிலிருந்து வரும் பாக்சைட்டில் இயங்குகிறது. 2023-இல் அதே இரு மாவட்டங்களில் உள்ள சிஜிமலி பாக்சைட் தொகுதி ஏலத்தில் வேதாந்தாவுக்குப் போனது. அங்கே கிராம சபைகள் ஒப்புதல் தந்ததாகக் காட்டப்படும் தீர்மானங்கள் பொய்யானவை என்று அம்மலை மக்கள் எதிர்த்து வருகிறார்கள்.