சிறுநீர் வழிக் கன உலோகச் சோதனை

ஆர்சனிக், காட்மியம், பாதரசம் முதலிய நச்சு உலோகங்கள் உடலில் சேர்ந்துள்ளனவா என்பதைச் சிறுநீரைக் கொண்டு அறியும் ஆய்வகச் சோதனை. ஈயத்துக்கும், மீன் உணவால் சேரும் மெத்தில் பாதரசத்துக்கும் இரத்தச் சோதனையே ஏற்றது.

24 மணி நேரச் சிறுநீரையோ ஒருவேளைச் சிறுநீரையோ உலோகக் கலப்பற்ற பிளாஸ்டிக் கலத்தில் சேகரிப்பர். தண்ணீர் மிகுதியாகக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். ஆகவே ஒருவேளை மாதிரியில் உலோக அளவு, சிறுநீரில் ஏறத்தாழச் சீராக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் எனக் குறிக்கப்படும். நிறை நிறமாலைமானி கொண்டு அளப்பதே இன்றைய வழக்கம்.

ஆர்சனிக் சில நாட்களில் வெளியேறிவிடுவதால் அண்மைய நுகர்வையே காட்டும். இறால், நண்டு, மீன் உண்டவரிடம் ஆர்சனோபீட்டைன் என்னும் தீங்கற்ற ஆர்சனிக் சேர்மம் மிகுந்து முடிவைத் திரிக்கும். எனவே சோதனைக்கு முன் சில நாட்கள் கடலுணவைத் தவிர்க்க வேண்டும். மொத்த அளவு உயர்ந்திருந்தால் கனிம ஆர்சனிக்கைத் தனியே பிரித்து அளக்க வேண்டும். காட்மியமோ சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்குவதால், அதன் அளவு நெடுங்காலச் சேர்க்கையைக் காட்டும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் பரவிய இத்தாய்-இத்தாய் நோய்க்குக் காட்மியமே காரணமென 1968இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அந்நோயாளிகளின் சிறுநீரில் காட்மியத்துடன், சிறுநீரகச் சிதைவைக் காட்டும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் புரதமும் மிகுந்திருந்தது.

உலோகப் பிணைப்பு மருந்து கொடுத்தபின் சிறுநீரைச் சோதிக்கும் ‘தூண்டல் சோதனை’ நலமுள்ளவரிடமும் உயர்ந்த அளவைக் காட்டும். இதற்கு அறிவியல் ஆதாரமில்லை என அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை கூறுகிறது.