சென்னை நேரமும் அளவுத்திருத்தமும்

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அமைத்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்பட்டதே சென்னை நேரம்.

ஊசல் கடிகாரம் ஆட்டங்களை எண்ணும். ஓர் ஆட்டத்தின் கால அளவு சரியா என்பதை அதனால் அறிய முடியாது. ஆகவே, இடம் அறியப்பட்ட விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் கண்டு, கடிகாரம் நாளுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது எனக் குறித்தனர். இன்றைய அதிர்வெண் எண்ணியும் இதே நிலையில்தான் உள்ளது. நாளுக்கு 1 விநாடி பிழை என்பது 1 கோடி அதிர்வுகளில் சுமார் 116 அதிர்வுப் பிழையாகும்.

ஒப்பிடும் அடிப்படையே தவறினால் என்ன ஆகும்? வானியலாளர் ஜான் கோல்டிங்காம், வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைக் கவனித்து, வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80° 18′ 30″ கிழக்கு என 1802 அளவில் கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பிந்தைய வானியல் அளவீடுகளும் தந்திவழிக் கடிகார ஒப்பீடும் உண்மை மதிப்பு 80° 15′ அளவே எனக் காட்டின. வேறுபாடு சுமார் 14 விநாடி. சின்ன காஞ்சிபுரத்தில் நண்பகல் சென்னையைவிட 2 நிமிடமே பிந்துகிறது என்பதை நோக்க, இது சிறிதன்று. நில அளவையில் சென்னையிலிருந்து கணித்த தீர்க்கரேகைகள் அனைத்திலும் தொடக்கப் புள்ளியின் பிழை சேர்ந்தது.

1906-இல் இந்திய நேரம் 82½° தீர்க்கரேகைக்கு மாறியது. இன்று புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களால் அதைக் காக்கிறது. அக்கடிகாரங்களும் பிற நாட்டுக் கடிகாரங்களோடு தொடர்ந்து ஒப்பிடப்படுகின்றன.