சிறுத்தைப் பல்லி: வளர்ப்பும் இணைசேர்ப்பும்

சிறுத்தைப் பல்லி என்பது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களுக்குரிய, தரையில் வாழும் இரவுப் பல்லி. எட்வர்டு பிளைத் 1854-இல் விவரித்த இது, இமையுள்ள பல்லிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. விரலடியில் ஒட்டும் மெத்தை இல்லாததால் நம் வீட்டுப் பல்லிபோல் சுவரேறாது. இதற்கு உயரமான பெட்டியைவிட அகலமான பெட்டியே பொருந்தும்.

ஆணின் பின்கால்களுக்கிடையே தலைகீழ் 'வி' வடிவில் துளைவரிசை தெரியும். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அதனால் ஓர் ஆணைத் தனியே வைத்து, வளர்ந்து வால் பருத்த பெண்ணிடம் சிறிது காலம் மட்டும் விடுவர். ஆண் வாலை அதிர்த்து, பெண்ணின் கழுத்தைக் கவ்வும், இது சண்டையன்று. பெண் விந்தைச் சேமிப்பதால் ஒருமுறை இணைந்தாலே பலமுறை முட்டையிடும். ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் 2 முட்டைகள், தோல்போன்ற ஓடு. ஈரப்பாசியிட்ட மூடிய டப்பாவும், இரையில் தூவும் சுண்ணச்சத்தும் முட்டையிடும் காலத்தில் கட்டாயம்.

குஞ்சின் பாலினத்தை அடைகாப்பு வெப்பமே தீர்மானிக்கிறது. சுமார் 26 பாகை செல்சியசில் பெரும்பாலும் பெண், 32-33 பாகையில் ஆண் மிகுதி, 34-க்கு மேல் மீண்டும் பெண். கோடைப் பகல் 35 பாகையைத் தாண்டும் திருச்செங்கோடு போன்ற ஊர்களில் சூடாக்குவதைவிட முட்டையைக் குளிர்ச்சியாக வைப்பதே கடினம்.