கண்ணாடி இல்லாத விடுதி

வீடு கட்டும் பழைய மாணவர்கள் சிலர் எனக்கு வரைபடம் அனுப்புகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி! கேட்டால் "வெளிச்சத்துக்கு சார்" என்கிறீர்கள். மாலை வெயிலைக் காசு கொடுத்து உள்ளே விட்டு, அதை விரட்ட ஏசிக்கும் காசு.

புதுச்சேரி போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வெளியில் நின்றாவது பாருங்கள். 1930-களில் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். ஹைதராபாத் நிஜாம் தரப்பு நன்கொடையால் அந்தப் பெயர். வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்தவர். நம் வெயில் அவருக்குப் புரிந்திருக்கிறது!

நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும். அங்கே கண்ணாடிக்குப் பதில், திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். உச்சி வெயில் மேலிருந்து விழுவதால் பலகை தடுத்துவிடும். வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். மேற்கு வெயில் அப்படியல்ல, தாழ்ந்து நேராக நுழையும். மொட்டைமாடிக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்றோட இடைவெளி. கூரைச் சூடு அறைக்குள் அவ்வளவாக இறங்காது. (பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட், அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்.)

அடுத்த முறை வரைபடத்தில் வடக்கு எது என்று குறித்து அனுப்புங்கள்.